தாளைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கமெல்லாம் எலும்பு, மூட்டு, நரம்பு பார்க்கும் டாக்டர்களுக்கும், பிசியோதெரபி டாக்டர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வரும் பிசியோக்களுக்கும் வணக்கம்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவள். பல வருடம் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தேன். குறுக்கு வலி தாங்காமல், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளுக்கு மாறினேன். அங்கே நாள் முழுக்க நிற்கிற வேலை. வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கியதே தவிர, விட்டுப் போகவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் இழுத்தால் அதை நாள்பட்ட வலி என்று நீங்கள் கணக்கு வைத்திருக்கிறீர்கள். அந்தக் கணக்கில் வருகிற பலரை எனக்குத் தெரியும். சிலர் எங்கள் லைன் வீட்டுக்காரர்கள், சிலர் கம்பெனிக்காரர்கள், மிச்சப் பேர் பிசியோதெரபி சென்டர் வாசலில் பிளாஸ்டிக் சேரில் காத்திருக்கும்போது பழக்கமானவர்கள். அவர்கள் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

வலிக்கு நீங்கள் தாளில் கொடுத்தனுப்பும் பயிற்சி வேண்டாம் என்று சண்டை போட வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட இடுப்பு வலிக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதும் பயிற்சியும் இருக்கின்றன. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை எழுதும் நைஸ் அமைப்பு 2021 ஏப்ரலில் இன்னும் ஒரு படி மேலே போனது. வேறு நோயின் விளைவாக இல்லாமல், வலியே நோயாகிப்போன நாள்பட்ட வலிக்கு பாராசிட்டமாலையும் மற்ற வலி மாத்திரைகளையும் புதிதாகத் தொடங்க வேண்டாம், பயிற்சியைக் கொடுங்கள் என்று எழுதியது. ஆக மருந்து இதுதான் என்கிறீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால் மருந்தைக் கொடுப்பது போலக் கொடுங்கள்.

சர்க்கரை மாத்திரை எழுதும்போது எத்தனை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, படபடவென்று வந்தால் என்ன செய்வது, அடுத்த டெஸ்ட் என்றைக்கு என்றெல்லாம் சொல்லித்தான் அனுப்புகிறீர்கள். பயிற்சிக்கு மட்டும் ‘டெய்லி செய்யுங்க’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நாங்கள் பாதியில் விட்டால் ‘இவங்க சொன்னா செய்யறதில்லை’ என்று பழி எங்கள் மேல் விழுகிறது. இந்த மடலில் உள்ள வழக்கு இது ஒன்றுதான்.

எனக்குக் கிடைத்த தாளைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் படம். ஜெராக்ஸையே மறுபடி மறுபடி ஜெராக்ஸ் எடுத்ததில், படத்தில் படுத்திருக்கும் ஆளுக்கு முழங்காலுக்குக் கீழே கால் மங்கிப்போயிருந்தது. மடக்கியிருக்கிறாரா நீட்டியிருக்கிறாரா என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஆங்கிலத்தில் பத்துத் தடவை, மூன்று செட் என்று இருந்தது. அதில் சிலவற்றுக்குப் பேனாவில் டிக். டிக் அடிக்கிற நேரம்தான் எனக்குக் கிடைத்த நேரம். அதே சென்டரில் எனக்கு அடுத்து உள்ளே போய் வந்தவர் சோமனூர் பக்கத்துத் தறிக்கார அண்ணன். ராத்திரி ஷிப்டு முழுக்க தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பவர். அவர் கையிலும் அதே தாள், அதே டிக். உட்கார்ந்து உட்கார்ந்து வலி வந்தவளுக்கும் நடந்து நடந்து வலி வந்தவருக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு.

சரி, தாளிலேயே குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய் எங்கே செய்வது? எங்களுடையது லைன் வீடு. ஒரு கட்டில், ஒரு பீரோ, தண்ணீர் டிரம், மிச்ச இடத்தில் சமையல். பாய் விரித்துப் படுத்துக் காலைத் தூக்கினால் பீரோவில் இடிக்கும். கதவைச் சாத்தினால் வெக்கை, திறந்து வைத்தால் வாசலில் தண்ணீர் பிடிக்கிற கூட்டம். மாமனார் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது எந்த மருமகள் நைட்டியோடு மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி இறக்குவாள்? நேரமும் அப்படித்தான். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்டு முடிய இரவு எட்டரை. ஷிப்மெண்ட் நெருங்கினால் அந்தக் கணக்கும் கிடையாது. ‘இருபது நிமிஷம் கூட ஒதுக்க முடியாதா?’ என்று கேட்கிறீர்கள். ஒதுக்கலாம். ஆனால் எந்த இருபது நிமிடம் என்று எங்களோடு உட்கார்ந்து ஒரு தடவையாவது தேடிப் பார்த்திருக்கிறீர்களா?

தேடிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. படிப்பு முடித்து அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண். நான் என்ன வேலை செய்கிறேன், டேபிள் எவ்வளவு உயரம், எந்தக் காலில் பாரம் போட்டு நிற்கிறேன், டீ எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டது அவர் மட்டும்தான். படுத்துச் செய்வதையெல்லாம் எடுத்துவிட்டு, செக்கிங் டேபிள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஸ்டூலில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது என்று மாற்றிக் கொடுத்தார். காலை டீக்குக் கொஞ்சம், சாயங்கால டீக்குக் கொஞ்சம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு விதி இருந்ததாம். 2020-ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் உடலியக்க வழிகாட்டுதலில் அந்த விதியை எடுத்துவிட்டார்களாம், துண்டு துண்டாகச் செய்வதும் கணக்கில் சேரும் என்று அவர்தான் சொன்னார். பக்கத்து டேபிள் பெண்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

அடுத்து, உங்களில் பாதிப் பேர் சிரித்துத் தள்ளிவிடுகிற ஒரு கேள்வி. ‘நாங்கதான் நாள் முச்சூடும் வேலை செய்யறோமே, அப்புறம் எதுக்குங்க எக்சர்சைஸ்?’ சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு என்று இதை எடுத்துக்கொள்கிறீர்கள். மஞ்சள் வேக வைக்கிற பெண்ணும், தென்னை ஏறுகிற ஆளும், அனுப்பர்பாளையத்தில் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடுகிறவரும் நியாயமாகக் கேட்கிற கேள்வி அது. பதிலும் எளிதுதான். வேலையில் ஒரே தசை ஒரே மாதிரி மணிக்கணக்கில் இழுபடுகிறது. வலித்தாலும் நிறுத்த முடியாது, வேகத்தை முடிவு செய்வது நாங்கள் அல்ல, ஓய்வு கிடைப்பது உடம்பு கேட்கிற நேரத்திலும் அல்ல. பயிற்சியில் இது எல்லாமே தலைகீழ். வேலையில் தொடாத தசைக்கு வேலை, தாங்குகிற அளவில் ஆரம்பம், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றம், நடுவில் ஓய்வு. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகாது. இந்தப் பதில் தெரியாமல் வீட்டுக்குப் போகிறவர் இரண்டாம் நாளே தாளை மடித்து வைத்துவிடுவார், அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை.

இனி இந்த மடலிலேயே முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் வலி.

எங்கள் கம்பெனியில் பேட்லாக் தையல் மிஷின் அடிக்கும் ஒரு அக்கா. சுறுசுறுப்பானவர், எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். தாள் கைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, டிக் அடித்த அத்தனையையும் எழுதியபடி மூன்று செட் செய்து முடித்தார். திங்கட்கிழமை ஸ்டூலில் உட்கார முடியவில்லை. பீஸ் ரேட் வேலை, உட்காராவிட்டால் கூலி இல்லை. மத்தியானம் வீட்டுக்குப் போனார். செவ்வாய்க்கிழமை வந்தபோது அவர் சொன்னது இதுதான்: ‘இருந்த சவ்வும் கிழிஞ்சு போச்சாட்ட இருக்குது கண்ணு, இனி அந்தப் பக்கமே போகமாட்டேன்.’ டாக்டரிடம் போனில் கேட்டதற்கு ‘முதல்ல அப்படித்தான் இருக்கும்’ என்று பதில் வந்தது. அந்தப் பதில் உண்மையாகவே இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சொல்லியிருந்தால் அவர் பயிற்சியை விட்டிருக்கமாட்டார்.

நீண்ட நாள் வலி உள்ள உடம்பு சாதாரண உடம்பு மாதிரி நடந்துகொள்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நல்ல உடம்பில் பயிற்சி செய்தால் கொஞ்ச நேரத்துக்கு வலி உணர்வே மட்டுப்படுகிறது. நாள்பட்ட வலிக்காரர்கள் சிலருக்கு அது நடக்காமல், உடனடியாக வலி கூடவே செய்கிறது. நரம்பு மண்டலம் உஷாராகிப் போய், ஆபத்தில்லாத அசைவுக்கும் கூச்சல் போடுகிறது. இதை அந்தச் சின்னப் பெண் தறிக்கார அண்ணனிடம் விளக்கினார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘ஊடை அறாமயே தறி நின்னு நின்னு போகுமே, அந்த மாதிரிங்களா?’ என்று கேட்டார். ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்பதற்கு ஒரு அமைப்பு இருக்கிறது. அது கெட்டால் நூல் நன்றாக இருக்கும்போதே தறியை நிறுத்திவிடும். அண்ணனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து வலி வந்தால் ‘நூல் அறுந்துதா, சும்மா நின்னுதா’ என்று அவரே பார்த்துக்கொள்கிறார்.

ஆனால் அந்தப் பரிசோதனையை நோயாளி செய்ய வேண்டுமானால் அளவுகோலை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். செய்யும்போது வலி எந்த அளவுக்கு ஏறலாம், எவ்வளவு நேரத்தில் இறங்க வேண்டும்? நல்ல பிசியோக்கள் பலர் சொல்கிற கணக்கு: ஓரளவு வலி ஏறினால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும், வராவிட்டால் பயிற்சியை விட்டுவிடாமல் அளவைக் குறைக்க வேண்டும். இந்த ஒரு வரியைத் தமிழில், கொட்டை எழுத்தில், அந்தத் தாளின் தலைப்பில் அடித்துக் கொடுங்கள். கூடவே, எதெது வந்தால் பயிற்சியை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும் என்பதையும் போடுங்கள். சிறுநீரோ மலமோ கட்டுக்குள் இல்லாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது, காய்ச்சலோடு சேர்ந்த முதுகு வலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது. இவற்றைத் தெரிந்துகொண்டால்தான் மற்ற வலியைப் பயமில்லாமல் தாங்குவோம்.

எவ்வளவு குணமாகும் என்பதையும் உள்ளபடி சொல்லுங்கள். ‘கரெக்டா செஞ்சா முழுசாப் போயிரும்’ என்று சொல்லி அனுப்புகிறீர்கள். போகாதபோது நாங்கள் கரெக்டாகச் செய்யவில்லை என்றாகிவிடுகிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கான பயிற்சி குறித்த 249 ஆய்வுகளைச் சேர்த்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2021-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. ஒன்றும் செய்யாதவர்களோடும் வழக்கமான வைத்தியம் மட்டும் எடுத்தவர்களோடும் ஒப்பிட்டால், பயிற்சி செய்தவர்களுக்கு வலி 100-க்கு 15 புள்ளி அளவில் குறைவு. எங்களுக்கு 15 சின்ன விஷயமில்லை. ராத்திரி புரண்டு படுக்கும்போது விழிப்பு வராமல் இருப்பதற்கும், பஸ்ஸில் பல்லடம் வரை நின்றுகொண்டே போவதற்கும் அது போதும். ஆனால் 100 எதிர்பார்த்து வந்தவருக்கு 15 கிடைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 15 என்று தெரிந்து தொடங்கியவர் விடாமல் செய்வார். எங்களுக்கு எண் புரியாது என்று நினைத்துவிடாதீர்கள், டஜன் கணக்கும் பீஸ் ரேட்டும் மனக்கணக்காகப் போடுகிறவர்கள் நாங்கள்.

ஸ்கேன் விஷயம். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ‘டிஸ்க் விலகியிருக்கு, எலும்பு தேய்ஞ்சிருக்கு, குனியாதீங்க, குடம் தூக்காதீங்க’ என்று ஒரு டாக்டர் சொல்கிறார். அடுத்த அறையில் பிசியோ டாக்டர் ‘நல்லாக் குனிங்க’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? பயம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் நாங்கள் சாய்வோம். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை வைத்து 2015-ல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, 80 வயதில் 96 சதவீதம். தலை நரைப்பது போன்ற ஒன்றைக் காட்டி ஒரு மனுஷியை வாழ்நாள் முழுக்கக் குனிய விடாமல் செய்வது என்ன வைத்தியம்? இரண்டு அறைக்காரர்களும் ஒரு தரம் பேசி வைத்துக்கொண்டு எங்களிடம் ஒரே பதிலைச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பெல்ட், வலிக்கிற இடத்தில் மிஷினால் வைக்கும் கரண்ட், இடுப்பை இழுத்து வைக்கும் இழுவை பற்றியும் பேசாமல் விட முடியாது. இடுப்பு பெல்ட்டும் இழுவையும் வேண்டாம் என்று மேலே சொன்ன 2023 வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் எங்கள் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் பெல்ட் கட்டிய இடுப்பு குறைந்தது நான்கு தென்படும். இதில் உங்களை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். கரண்ட் வைத்தால் எங்களுக்கும் பிடிக்கும். படுத்துக்கொள்ளலாம், மேலே ஃபேன் ஓடும், யாரோ ஒருவர் நம் உடம்பைத் தொட்டுக் கவனிக்கிறார். பயிற்சியில் அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை, தாளோடு தனியாகத்தான் விடுகிறீர்கள். அப்புறம் ஜனம் கரண்டைத்தான் கேட்கும். ஒரு சிட்டிங்குக்கு நாங்கள் கொடுக்கும் காசு கூலியில் பெரிய பங்கு. அந்தக் காசுக்கு மிஷினை மாட்டிவிட்டுப் போகாமல், எதிரில் நின்று நாங்கள் செய்வதைப் பார்த்துத் திருத்துங்கள். அதே காசைக் கொடுக்கிறோம்.

‘நட, நட’ என்று சொல்வதிலும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடத்தி 2024-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றை நீங்களும் படித்திருப்பீர்கள். இடுப்பு வலி வந்து சரியானவர்கள் நடைப்பயிற்சி செய்ததில், வலி திரும்பி வர சராசரியாக 208 நாள் ஆனது. செய்யாதவர்களுக்கு 112 நாள். நல்ல செய்திதான். ஆனால் அங்கே ‘போய் நட’ என்று மட்டும் சொல்லிவிடவில்லை. பிசியோ ஒருவர் ஆறு மாதத்தில் ஆறு முறை அவர்களோடு பேசி, அவரவர் வயதுக்கும் உடம்புக்கும் தகுந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் என்ற இடத்துக்குக் கொண்டு போனார். அந்த ஆறு பேச்சும் மருந்தில் பாதி.

இங்கே நாங்கள் நடக்கிற விதம் வேறு. தைப்பூசத்துக்குத் திருப்பூரிலிருந்து தாராபுரம் வழியாகப் பழனிக்கு எண்பது கிலோமீட்டர் பக்கம் வரும். வருடம் பூராவும் ‘ரேஷன் கடை வரைக்கும் நடக்க முடியலைங்க’ என்கிறவர்கள் பச்சை வேட்டியும் காவடியுமாகக் கிளம்பிவிடுவார்கள். போய்ச் சேர்ந்தும் விடுவார்கள். திரும்பி வந்து பத்து நாள் படுக்கை. ‘அப்பன் முருகன் நடத்தி வெச்சான், இப்ப வலிக்குது’ என்பார்கள். இதைக் கேட்டு நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரியும். எனக்கென்னவோ இதில்தான் வழி இருப்பதாகப் படுகிறது. நல்ல நாளில் அளவுக்கு மீறிச் செய்துவிட்டு, கெட்ட நாளில் அசையாமல் கிடப்பது வலிக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்; மழைக்கு முன்னால் காட்டு வேலையை ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பதும், பொங்கலுக்கு வீட்டை ஒரே நாளில் வெள்ளையடிப்பதும் அதில் சேர்ந்தவைதான். போகாதே என்று சொன்னால் எவரும் கேட்கமாட்டார். ஐப்பசியிலேயே கூப்பிட்டு, தைக்குள் எவ்வளவு எவ்வளவாக ஏற்றலாம் என்று ஒரு கணக்கு போட்டுக் கொடுத்துப் பாருங்கள். விரதத்தோடு சேர்த்து அதையும் பிடித்துக்கொள்வார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் இப்போது வள்ளி கும்மி திரும்பவும் சூடு பிடித்திருக்கிறது. கோவை மாவட்டத்துக் கும்மி ஆசான் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்ததை எல்லோரும் அறிவீர்கள். ஆண்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்ததில் பெண்களைச் சேர்த்தவர் அவர். பயிற்சி சாயங்காலம் கோயில் மைதானத்தில் நடக்கும். அரங்கேற்றம் வரைக்கும் மாதக்கணக்கில் போகும். குனிந்து, நிமிர்ந்து, சுற்றி, கைகொட்டி, எம்பி ஆடுகிற ஆட்டம். மூட்டு வலி என்று தரையில் உட்காரவே பயந்த ஒரு பெரியம்மா எங்கள் ஊர் கும்மியில் சேர்ந்தார். முதலில் ஓரமாகப் பாட்டு மட்டும். பிறகு கடைசி வரிசையில் நின்று கையை மட்டும் வீசினார். அப்புறம் அடி வைத்தார். எல்லோரும் எம்பும் இடத்தில் அவர் எம்பமாட்டார், குதிகாலைத் தூக்கி இறக்கிச் சமாளிப்பார். ஆசிரியரும் ஒன்றும் சொல்லமாட்டார். இப்போது பாட்டு வேகம் எடுக்கும்போது அவர் கால் தரையை விட்டுக் கிளம்புகிறது. வலி போய்விட்டதா என்று கேட்டேன். ‘அது கெடக்குது போ’ என்றார்.

கும்மி ஆடச் சொல்லி எல்லோருக்கும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அந்தப் பெரியம்மாவுக்கு அங்கே என்ன கிடைத்தது என்று பாருங்கள். குறித்த நேரம், கூட ஆட ஆட்கள், தன் அளவுக்குக் குறைத்துச் செய்துகொள்ளும் சுதந்திரம், ஒரு நாள் வரவில்லை என்றால் ‘ஏனுங் பெரியம்மா நேத்துக் காணோம்?’ என்று கேட்பதற்கு நாலு பேர். டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிய ‘க்ளாட்’ என்ற திட்டத்திலும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறார்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களைக் குழுவாகச் சேர்த்து முதலில் விளக்க வகுப்பு, பிறகு வாரம் இரண்டு வீதம் பன்னிரண்டு பயிற்சி வகுப்புகள், கூடவே பிசியோ. பிறகு வேறு சில நாடுகளுக்கும் அது போயிருக்கிறது. நம் ஊர் கோயில் மைதானமும் சமுதாயக் கூடமும் வார நாளில் சும்மாதான் கிடக்கின்றன.

பயிற்சி ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். சின்ன வேலை செய்தாலும் அடுத்த நாள் படுக்கையில் தள்ளிவிடுகிற நாள்பட்ட சோர்வு நோய் இருக்கிறதே, அதற்குப் படிப்படியாகப் பயிற்சியை ஏற்றிக்கொண்டே போகும் சிகிச்சையைத்தான் பிரிட்டனில் பல வருடம் கொடுத்தார்கள். ‘எங்களுக்கு மோசமாகிறது’ என்று நோயாளிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2021 அக்டோபரில் நைஸ் அமைப்பு புது வழிகாட்டுதலில் அதைக் கொடுக்க வேண்டாம் என்று மாற்றி எழுதியது. நோயாளி சொல்வதையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டதால் வந்த மாற்றம் அது. கொரோனாவுக்குப் பிறகு இந்த மாதிரிச் சோர்வோடு இங்கேயும் சிலர் அலைகிறார்கள். ஒருவர் ‘செய்தால் மோசமாகிறது’ என்றால், செட்டைக் கூட்டுவதற்கு முன்னால் எப்படி மோசமாகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது என்று கேளுங்கள்.

அரசாங்கத்துக்கும் இதில் ஒரு விண்ணப்பம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோதே பிசியோதெரபியும் அதில் இருந்தது. நல்ல காரியம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு முதலில் போவதும் நியாயம்தான். ஆனால் படுத்த படுக்கையாக ஆவதற்கு முந்தின கட்டத்தில் நாங்கள் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறோம். பிசியோ வரும் நேரத்தில் கம்பெனியில் இருப்போம். தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று கம்பெனிக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். அந்த டேபிளில் ‘இடுப்பு வலி இருக்கா, எத்தனை மாசமா?’ என்ற கேள்வியையும் சேர்த்தால் எவ்வளவு பேர் கை தூக்குவார்கள் என்று பார்க்கத்தான் போகிறீர்கள். ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 2023 நவம்பரில் மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை திறந்தார்கள். எட்டு கிலோமீட்டர் எங்களுக்கு முதல் நாளிலேயே ஆகாது. அதிலேயே அரை கிலோமீட்டரில் ஒரு பெஞ்சும், ‘இன்று இது போதும், திரும்பலாம்’ என்ற ஒரு போர்டும் வைத்தால் எங்களுக்கும் அந்தப் பாதையில் இடம் கிடைக்கும்.

முதலாளிமார்களுக்குத் தனியாக எழுத வேண்டும், இங்கே ஒரு சொல் மட்டும். நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கும் அதே உரிமையைக் கொடுத்து 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். டாக்டர்களே, மருந்துச் சீட்டில் பயிற்சியை எழுதும்போது ‘இவருக்கு ஒரு ஸ்டூல் தேவை’ என்று ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுங்கள். உங்கள் லெட்டர்பேடுக்கு சூப்பர்வைசர் கொடுக்கிற மரியாதை எங்கள் வாய்க்குக் கொடுப்பதில்லை.

கடைசியாக, காரியத்துக்கு வருகிறேன். திருப்பூரில் எங்களுக்குச் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. காலையில் கறி எடுக்க, துணி துவைக்கப் போய்விடும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஓய்வாக இருப்போம். உங்களில் யாராவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வந்து, நாங்கள் செய்வதைப் பார்த்துத் திருத்திவிட்டு, கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போக முடியுமா? இடம் நாங்கள் பிடித்துவிடுவோம், கட்டணமும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்துவிடுவோம். தறிக்கார அண்ணன் சோமனூரிலிருந்து வருவதாகச் சொல்லிவிட்டார். பேட்லாக் அக்காவிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் யார் என்று தெரிந்த பிறகு சொல்கிறேன் என்கிறார்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு செக்கிங் தொழிலாளி